ரொதான்தி ரிவர்ஸ் எடுத்த நாள்

ரொதான்தியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவள் புருஷனின் காதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நிக்கிஃபோரோஸுக்கு இடது காது பாதிதான் இருந்தது. மீதிப் பாதியைக் கடித்துத் துப்பியவள் இவள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. கிரீட் தீவின் எங்கள் தென்கரையில் அந்தக் காலத்தில் பெண் கொடுக்க மறுத்தால் தூக்கிக்கொண்டு போவார்கள். இவனும் இரண்டு கூட்டாளிகளோடு ஜீப்பில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு மலையில் பாலாடைக்கட்டி காய்ச்சும் கொட்டகைக்குப் போனான். ஒரு கூட்டாளிக்கு முழங்கால் சில்லு பெயர்ந்தது, இன்னொருவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று, மாப்பிள்ளைக்குக் காது. பதினொரு கிலோமீட்டர் வெறுங்காலோடு இறங்கி வந்தவள், தாடையெல்லாம் ரத்தத்தோடு துறைமுகக் காபிக்கடைக்குள் நுழைந்து, "ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றாள். நானும் அங்கேதான் சீட்டாடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் சீட்டைத் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளே ஆள் அனுப்பினாள். "அந்த அரைக்காதனையே கட்டிக்கிறேன். அத்தனை அடி வாங்கியும் அவன் ஒரு தடவகூட என்னைத் திருப்பி அடிக்கல. அந்த புத்தி போதும்." நாங்கள் எல்லோரும் வாய் பிளந்தோம். கல்யாணம் நடந்தது. பிறந்த பையனுக்கு நான்தான் ஞானத்தகப்பன். பெயர் ஸீஃபிஸ். எனக்கு இந்தத் துறைமுகத்தில் பஞ்சர் கடை, என் பெயர் மத்தேயோஸ், எனக்கும் கோபம் கொஞ்சம் அதிகம்தான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பையனுக்கு இரண்டு வயதானபோது நிக்கிஃபோரோஸின் லாரி பிரேக் பிடிக்காமல் கழுதைக் கழுத்தில் கடலுக்குள் போனது. கழுதைக் கழுத்து என்பது எங்கள் கடலோரச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய இடம். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் எண்பது மீட்டர் கீழே கடல். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஒதுங்க இடம் கிடையாது, இரண்டு முனைகளில் மட்டும்தான் சாலை அகலும். எங்கள் பக்கத்து முனையில் அவன் நினைவாக இரும்புக் காலில் நிற்கும் சின்ன மாதா கூண்டு ஒன்றை ரொதான்தியே வைத்தாள். உள்ளே ஒரு படம், ஒரு எண்ணெய் விளக்கு.

மறு மாதமே அதே சாலையில் ரொட்டி வேன் ஓட்ட ஆரம்பித்தாள். விடிந்ததும் கிளம்பி ஏழு ஊருக்கு ரொட்டி. இந்தச் சாலையில் எந்தப் பெயர்ப்பலகையையும் படிக்க முடியாது, எல்லாம் தோட்டா ஓட்டை. எங்கள் ஆட்களுக்கு நேரம் போகவில்லை என்றால் பலகையைத்தான் சுடுவார்கள். அப்படிப்பட்ட சாலையில் ஒரு பெண் தனியாக இருபத்திரண்டு வருஷம் வேன் ஓட்டினாள் என்றால் சும்மாவா? கூடாரம் போட்டிருந்த ஒரு குடிகாரன் ஜன்னல் வழியாகக் கையை விட்டான். கதவைச் சாத்தி இரண்டு விரலை முறித்துவிட்டு, அவனையே ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் இறக்கிவிட்டாள். வழியில் அவனுக்கு ஒரு ரொட்டியும் கொடுத்தாளாம். வேண்டாம் என்றானாம். "தின்னுடா, ரத்தம் போயிருக்கு" என்று மிரட்டித் தின்ன வைத்தாளாம்.

இவள் யாருக்கும் வழி விட்டதில்லை. எதிரில் பஸ் வந்தாலும் பஸ்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இது அவள் குடும்பத்தின் வியாதி. குடும்பம் என்ன, இந்தக் கரையில் எல்லோருக்கும் அதே வியாதிதான். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் எவன் முதலில் பின்னால் போகிறானோ அவன் கதை அன்று சாயங்காலமே ஏழு காபிக்கடையிலும் ஓடும். அவன் அப்பன் பின்னால் போன கதையும் சேர்ந்து ஓடும்.

அதனால்தான் தியோகாரிஸ் செத்தான்.

தியோகாரிஸ் கழுதைக் கழுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெத்ரா ஊர்க்காரன். அவன் கல்யாணத்தில் சாட்சியாக நின்று மணமுடி மாற்றியவன் நான், எங்கள் பக்கம் அது ரத்த உறவு மாதிரி. ரொதான்தியின் தம்பி அனெஸ்திஸ் எங்கள் ஊர். ஒரு மார்ச் மாதம், பட்டப்பகலில், இரண்டு பேரின் வண்டியும் கழுத்தின் நட்ட நடுவில் மூக்கோடு மூக்கு நின்றுவிட்டன. இரண்டு பேருக்கும் முன்பகை எதுவும் கிடையாது. முந்தின ஞாயிறுதான் ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்தவர்கள். இன்ஜினை அணைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம். பின்னால் பஸ் நின்றது, பால் வண்டி நின்றது. யாரோ காபி கொண்டுவந்து இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள், இரண்டு பேரும் குடித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் உறவு என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"தியோகாரி, நீ புத்திசாலிடா. கொஞ்சம் பின்னால எடேன்" என்றேன்.

"எடுப்பேன். அவன் எடுத்தப்புறம்."

"டேய் அனெஸ்தி, நீயாவது..."

"மத்தேயோ அண்ணே, நான் எடுத்தா நாளைக்கு என் ஆடுகூட என்னை மதிக்காது. போங்கண்ணே."

நான் போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். இரண்டில் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு நானே ஏறி ரிவர்ஸ் எடுத்திருக்கலாம். அடுத்தவன் கியரில் கை வைப்பது எங்கள் பக்கம் அடுத்தவன் மனைவி மேல் கை வைப்பது மாதிரி. வைக்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது. பத்து நிமிஷத்தில் தியோகாரிஸ் இறங்கி வந்து அனெஸ்திஸின் பானெட்டைக் கையால் ஓங்கி அடித்தான். அனெஸ்திஸ் இறங்கினான். கன்னத்தில் ஒரு அறை, பதிலுக்கு வயிற்றில் ஒரு உதை, அப்புறம் அனெஸ்திஸின் துப்பாக்கியிலிருந்து மூன்று குண்டு. காபிக் கோப்பை இன்னும் பானெட்டின்மேல் இருந்தது. தியோகாரிஸ் என் மடியில் தலையை வைத்துத்தான் போனான். "வண்டியை எடுக்காதீங்க" என்பதுதான் கடைசி வார்த்தை. அவன் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலில் அவன் வண்டியைத்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

அனெஸ்திஸ் ஜெயிலுக்குப் போனான். அவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அப்படியென்றால் பெத்ராக்காரர்கள் ரத்தத்துக்கு ரத்தம் எடுக்க மிச்சமிருந்த ஆண் ஒருவன்தான்: ரொதான்தியின் மகன் ஸீஃபிஸ், இருபது வயது. கொலை நடந்த அன்று சாயங்காலக் கப்பலிலேயே அவனை பிரேயஸ் துறைமுகத்துக்கு அனுப்பினோம். கொன்றவன் வீட்டு ஆண்கள் செத்தவன் வீட்டார் கண்ணில் படக்கூடாது, அதுதான் முறை. பெண்ணைத் தொடமாட்டார்கள். அதனால் ரொதான்தி தொடர்ந்து பெத்ராவுக்கு ரொட்டி போட்டாள். செத்தவனின் அண்ணன் வார்திஸ் வீட்டு வாசலிலும் தினமும் இரண்டு ரொட்டி வைத்துவிட்டுப் போவாள். தினமும் அவன் அதை எடுத்து அவள் கண்ணெதிரே நாய்க்குப் போடுவான். நாலு வருஷம். அந்த நாய் நன்றாகக் கொழுத்துவிட்டது.

நாலு வருஷம் கழித்து ஆகஸ்டில் ஸீஃபிஸ் வந்து நின்றான், கூடவே தனாயி என்று ஒரு பெண். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவள், வடக்கே சமவெளிக்காரி. சிரித்த முகம். வந்த அன்றே, "அத்தை, இந்தக் கடலோரமாவே மெதுவா, நிறுத்தி நிறுத்தி, குளிச்சு, சாப்பிட்டு, பனங்கழி வரைக்கும் போகலாமா? இவரு தூக்கத்துலகூட இந்த ரோட்டைப் பத்தித்தான் பேசுவாரு" என்றாள்.

பனங்கழி பெத்ராவைத் தாண்டி இருக்கிறது.

"மலைப்பக்கமா சுத்திப் போங்க, அங்கயும் வியூ நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

ஸீஃபிஸ் குதித்தான். "என் சொந்த ஊர்ல நான் திருடன் மாதிரி சுத்திப் போகணுமா நோனே? இவ என்னைப் பத்தி என்ன நினைப்பா?" ஞானத்தகப்பனை எங்கள் பக்கம் நோனோ என்போம், அந்த வார்த்தையைச் சொல்லி என்ன கேட்டாலும் நான் இளகிவிடுவேன், அந்தப் பயலுக்கு அது தெரியும்.

ரொதான்தி சுவரிலிருந்த காலண்டரைப் புரட்டினாள். பிறகு, "பதினஞ்சாம் தேதி போலாம்" என்றாள். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். பெத்ரா முழுக்க விடியும்போதே மலைமேல் மடத்துக்கு ஏறிவிடும், பொழுது சாயும்வரை ஊரில் ஒரு குருவி இருக்காது. "என் வேன்ல. நான்தான் ஓட்டுவேன். நீயும் வா, மத்தேயோ. உன்னையும் சுட்டுத்தான் தாண்டணும்னா கொஞ்சம் யோசிப்பாங்க."

நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். எங்கள் இரண்டு பேரையும் செருப்பால் அடிக்க வேண்டும். ரத்தம் எடுக்காத வீடு துக்க வீடு. துக்க வீட்டுக்காரன் திருநாளுக்குப் போகமாட்டான். வார்திஸ் நாலு வருஷமாக ஷேவ் பண்ணவில்லை. தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. மாதம் ஒரு தடவை என் கடைக்கு டயர் மாற்ற வருவான், அந்தத் தாடியைப் பார்த்துக்கொண்டேதான் நான் போல்ட்டை முடுக்குவேன். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஊரே போகும்போது அவனும் போவான் என்று நினைத்துவிட்டேன்.

கிளம்பும்போது ரொதான்தி கையை நீட்டினாள். "ரெண்டு பேரும் எடுங்க."

"எதை?" என்றேன்.

"சாமி படத்தையா கேக்கறேன்? எடுய்யா."

என் துப்பாக்கியைக் கொடுத்தேன். ஸீஃபிஸும் ஒன்றைக் கொடுத்தான். இரண்டையும் வீட்டு மாவுத் தொட்டிக்குள் போட்டு மூடினாள். தனாயி இதையெல்லாம் ஏதோ திருநாள் சடங்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முன் சீட்டில் அவர்கள் மூன்று பேர். நான் பின்னால் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில், டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு. உண்மையைச் சொன்னால் அது நல்ல காலைப்பொழுது. முதல் குடாவில் இறங்கிக் குளித்தார்கள். அடுத்ததில் ஆக்டோபஸ் சுட்டுத் தின்றோம், ரக்கிச் சாராயம் குடித்தோம். ரொதான்தி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே ஓட்டியவள் கால் நனைத்து நான் பார்த்ததில்லை.

"மெதுவா போனா இது நல்ல ரோடுதான், மத்தேயோ" என்றாள்.

மாதா கூண்டருகே நிறுத்தி விளக்கேற்றினாள். தனாயி கேட்டதால் தியோகாரிஸ் கதையை நான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள், "யாராவது ஒருத்தர் பின்னால போயிருக்கலாமே?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "போயிருக்கலாம்மா. நீ சொல்லித்தான் எங்களுக்கே தெரியுது" என்றேன். ஸீஃபிஸ் சிரித்தான். ரொதான்தி சிரிக்கவில்லை.

கழுத்துக்குள் நுழைந்தோம். எண்ணூறு மீட்டர் தாண்டிவிட்டோம். கடைசி வளைவு திரும்பியதும் எதிரே சிவப்பு பிக்கப். ஸ்டியரிங்குக்கு மேலே தாடி.

அவன் பின்னால் போவதென்றால் இருநூறு மீட்டர். நாங்கள் போவதென்றால் எண்ணூறு. எந்த நியாயத்தில் பார்த்தாலும் அவன்தான் எடுக்க வேண்டும். வார்திஸ் இன்ஜினை அணைத்தான். கண்ணாடி வழியாக அவன் ஸீஃபிஸைப் பார்ப்பதை நான் பார்த்தேன். மெதுவாகக் குனிந்து நிமிர்ந்தான். கையில் துப்பாக்கி.

"நீ இங்கயே இரும்மா. நான் இறங்கறேன்" என்று சொல்லிக்கொண்டே ஸீஃபிஸ் காலுறைக்குள்ளிருந்து இன்னொன்றை உருவினான். பாவிப் பயல், மாவுத் தொட்டிக்குப் போனது ஒன்றுதான். தனாயி கத்த ஆரம்பித்தாள். அவன் கதவைத் திறக்கக் கையைக் கொண்டுபோனான்.

ரொதான்தி குறுக்கே பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். சும்மா கடி இல்லை. எலும்பில் பல் படும் சத்தம் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டதும் துப்பாக்கியை எடுத்து ஜன்னல் வழியாகக் கடலில் எறிந்தாள். பிறகு புறங்கையால் அவன் மூக்கில் ஒன்று விட்டாள், மூக்கு உடைந்தது. "உக்காருடா" என்றாள். வாயில் மகன் ரத்தத்தோடு வலது கையைக் கியருக்குக் கொண்டுபோனாள்.

அந்த வேன் இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கழுத்துக்குள் ரிவர்ஸில் போனதில்லை. கியர் கரகரவென்று கத்தியது.

"மத்தேயோ! பின் கதவைத் திற! எனக்குக் கண்ணு நீதான்!"

கதவைத் திறந்துவிட்டு, தட்டுகளை உதைத்துத் தள்ளிவிட்டுத் தொங்கினேன். "வலது! கொஞ்சம் வலது! போதும், நேரா வா!" கீழே எண்பது மீட்டரில் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. வார்திஸ் முதலில் புரியாமல் நின்றான். பிறகு அவனுக்கு வெறி ஏறிவிட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து பம்பரால் இடித்தான். வேன் குலுங்கியது. மறுபடி இடித்தான். "நில்லுடி! இறங்கச் சொல்லு அவனை! இறங்குடா நாயே!" ஒரு குண்டில் இடப்பக்கக் கண்ணாடி சிதறியது. இன்னொன்று கூரையைத் துளைத்து ரொட்டித் தட்டில் போய் நின்றது. ஸீஃபிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தும்மா, என்னை அசிங்கப்படுத்தாதம்மா, செத்தாலும் பரவால்லம்மா" என்று அழுதான். தனாயி அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். பின்சக்கரம் ஒரு தடவை விளிம்பு மண்ணைச் சரித்தது. நான் போட்ட கூச்சலில் எனக்கே காது அடைத்தது.

ரொதான்தி வேகம் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. காலையில் கடல் பார்த்துக்கொண்டு வந்த அதே வேகத்தில், எண்ணூறு மீட்டரும் பின்னாலேயே போனாள்.

மாதா கூண்டருகே சாலை அகன்றது. வேனை ஓரங்கட்டி நிறுத்தினாள். வழி விட்டாள். பிக்கப் உரசிக்கொண்டு வந்து ஜன்னலோடு ஜன்னலாக நின்றது. வார்திஸின் துப்பாக்கி அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. ஸீஃபிஸ் அவளுக்கு அந்தப் பக்கம்.

"உன் தம்பி அன்னைக்கு இதைச் செஞ்சிருந்தா என் தம்பி உயிரோட இருந்திருப்பான்" என்றான் வார்திஸ். குரல் உடைந்துவிட்டது.

"உன் தம்பி செஞ்சிருந்தாலும் இருந்திருப்பான்" என்றாள் இவள்.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தாடிக்குள் கண்ணீர் இறங்கியது. பிறகு மிச்சமிருந்த குண்டையெல்லாம் வேனின் பக்கவாட்டில் சுட்டுத் தீர்த்தான், நான் தரையில் குப்புற விழுந்து கிடந்தேன். ஸீஃபிஸைப் பார்த்துத் துப்பினான். போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு பெத்ரா காபிக்கடையில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்னதை எனக்கு மூன்று பேர் வந்து சொன்னார்கள். "அம்மா மடியில உக்காந்து பின்னாலயே ஓடினவன் அவன். அவனைச் சுட்டா எனக்குத்தான் கேவலம். எங்க வீட்டு ரத்தத்துக்கு அவன் விலை இல்ல." திங்கட்கிழமை என் கடைக்கு டயர் மாற்ற வந்தான். தாடி இல்லை. முகம் சின்னதாக இருந்தது. அடுத்த நாள் வாசலில் வைத்த ரொட்டியை உள்ளே எடுத்துப் போனானாம். நாய் ஊளையிட்டதாம்.

ஸீஃபிஸை ஊர் பிய்த்து எடுத்தது. அவன் நடந்தால் பின்னாலிருந்து எவனாவது "பீப், பீப்" என்பான். இரண்டு பேரின் பல்லை உடைத்தான், அப்போதும் நிற்கவில்லை. கப்பல் ஏறும் நாளில் துறைமுகத்தில் எல்லோரும் பார்க்க அம்மாவிடம் சொன்னான்: "நீ என்னைக் கொன்னிருக்கலாம். இனிமே எனக்கு அம்மா இல்ல." அவள் அவன் மணிக்கட்டில் கட்டு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. ஸீஃபிஸ் ஊருக்கு வருவதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகஸ்ட் பதினைந்தன்று, நன்றாகக் குடித்துவிட்டு என் கடைக்குப் போன் பண்ணுவான். அம்மாவைத் திட்டுவதற்காக. அவள் அன்று காலையிலிருந்தே ஒரு டயர் மேல் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அவன் வாயில் வராத வார்த்தை கிடையாது. எனக்கே காது கூசும்.

போன வருஷம் என்னால் பொறுக்க முடியவில்லை. "வைடா போனை, பெத்தவளைப் பேசற பேச்சா இது" என்று கத்தப் போனேன். ரொதான்தி என் கையைப் பிடித்தாள். ஐம்பதை நெருங்கியும் அதே பிடி, எலும்பு வலித்தது.

"சும்மா இருய்யா. அவன் பேசட்டும்."

"என்னத்த பேசட்டும்? உன்னை நாறடிக்கிறான்!"

"பின்னால கேளு" என்றாள். கேட்டேன். அவன் கத்தலுக்குப் பின்னால் ஏதோ ஒரு குழந்தை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது, தனாயி அதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அவர்களுக்குக் குழந்தை பிறந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ரொதான்தி போனைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "தொண்டையைப் பாத்தியா, எம்மாந்தொண்டை" என்றாள். "அப்பன் மாதிரியே. திட்டட்டும் விடு. நல்லா திட்டட்டும்."